வெள்ளைப் புள்ளி மறைந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வாசகர் கேள்வி-பதில் பகுதியில் கடல் மீன் தொட்டி பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. மீன்கள் மேல் உப்புக்கல் ஒட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன, கடையில் கொடுத்த மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினேன், நாலு நாளில் புள்ளியெல்லாம் போய்விட்டது, இனி பயமில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் எழுதியவர், மருந்து வேலை செய்துவிட்டது, தண்ணீரின் சூட்டை இரண்டு டிகிரி கூட்டி வையுங்கள், தீனியில் பூண்டுச் சாறு கலந்து கொடுங்கள், போதும் என்று முடித்துவிட்டார். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதே கேள்வியை, இதே நாலாம் நாளில் நானும் கேட்டவன். கிட்டத்தட்ட இதே பதில்தான் எனக்கும் கிடைத்தது. அதை நம்பி மூன்று மீன்களைப் பறிகொடுத்தேன்.

அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த வாசகரின் மீன்களுக்கு நோய் தீரவில்லை, புள்ளி மட்டும்தான் போயிருக்கிறது. அவர் எந்த மருந்தும் ஊற்றாமல் இருந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய அதே நாலு நாளில் தானாகவே போயிருக்கும்.

ஏன் என்று புரிய, அந்த ஒட்டுண்ணி எப்படிப் பிழைக்கிறது என்று தெரிய வேண்டும். அதன் பெயர் க்ரிப்டோகாரியான் இர்ரிட்டான்ஸ், ஒரே செல் கொண்ட உயிர். நாம் பார்க்கும் புள்ளி மீனின் தோலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதில்லை, மேல்தோலுக்கு அடியில் புகுந்து மீனின் திசுவைத் தின்றுகொண்டிருக்கிறது, அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற அந்த நேரத்தில் எந்த மருந்தும் அதை லேசில் எட்டுவதில்லை. மூன்றிலிருந்து ஏழு நாள் வரை தின்று பெருத்ததும் தானே மீனை விட்டு இறங்கிவிடும். இறங்கியது சாகவில்லை. மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது, உள்ளே இரண்டு நாலாக, நாலு எட்டாகப் பிரிந்து, ஒரே கூட்டிலிருந்து இருநூறுக்கும் மேலே குஞ்சுகள் வெளியே வரலாம். அவை நீந்தி ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். வீட்டுத் தொட்டியில் மீன் எங்கே போகும்? கடலில் ஆயிரம் குஞ்சில் ஒன்றுக்கு மீன் கிடைத்தால் பெரிது, நாலடிக் கண்ணாடிக்குள் எல்லாவற்றுக்குமே கிடைத்துவிடுகிறது.

கூடு உடைவதற்குக் குறைந்தது மூன்று நாள் ஆகும், பெரும்பாலானவை ஒரு வாரம் பத்து நாளில் உடைந்துவிடும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் உடைவதில்லை. ஆய்வுக்கூடத்தில் 72 நாள் வரை தாக்குப்பிடித்து அதன் பிறகு குஞ்சு வெளியே வந்த கூடுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த 72 என்ற எண்ணை மறக்காதீர்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நீல டேங் மீன் வாங்கினேன், உள்ளங்கை நீளம், மஞ்சள் வால். பையைத் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு நேராகப் பவளங்களுக்கு நடுவே விட்டேன். புது மீனையும் நோய் மீனையும் தனியே வைத்துப் பார்க்கத் தனித்தொட்டி என்று ஒன்று வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. எட்டாம் நாள் காலையில் வால் பக்கம் ஐந்தாறு புள்ளி. மீனை விற்றவரிடமே கேட்டேன், பவளத்துக்கும் இறாலுக்கும் கேடில்லாத மருந்து என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார். ஊற்றினேன். மூன்று நாளில் மீன் பளபளவென்று ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து ஐந்தாறு புள்ளி ஐம்பது அறுபதாகத் திரும்பி வந்தது. இந்தத் தடவை உடம்போடு நிற்கவில்லை, துடுப்பு, கண் மேலெல்லாம் வந்தது. மறுபடியும் அதே பாட்டில், மறுபடியும் நாலு நாளில் சுத்தம், மறுபடியும் நிம்மதி. மூன்றாவது சுற்றில் எண்ணவே முடியவில்லை. அந்த டேங் ஒரே பாறை இடுக்கில்தான் தினமும் இரவு போய்ச் செருகிக்கொண்டு தூங்கும். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்குவதும் இருட்டில், கூடு உடைந்து குஞ்சுகள் கிளம்புவதும் பெரும்பாலும் விடிவதற்கு முந்தின இருட்டில் என்று பிற்பாடு படித்தபோதுதான் புரிந்தது: தன் படுக்கையிலேயே கூடுகளைக் கொட்டிவிட்டு அதன் மேலேயே அது தினமும் படுத்திருக்கிறது. செவுளுக்குள்ளும் போயிருக்க வேண்டும், கடைசி இரண்டு நாள் தண்ணீர் வேகமாக வந்து விழும் இடத்தில் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டே இருந்தது. அதுவும் போய், இன்னும் இரண்டு மீனும் போயின. ஒரு ஜோடிக் கோமாளி மீன் மட்டும் மிஞ்சியது.

மிஞ்சியவை நன்றாக இருந்ததுதான் அடுத்த மோசம். ஒரு தடவை இந்த நோயில் விழுந்து பிழைத்த மீனுக்குச் சில மாதத்துக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருகிறது. ஒட்டுண்ணி முழுக்கப் போய்விடுவதில்லை, செவுளில் ஒன்றிரண்டாக ஒளிந்து, நம் கண்ணில் படாமல் சுற்றிலேயே இருக்கும். நாம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துப் புது மீன் ஒன்றை விடுவோம், அதன் மேல் பத்தே நாளில் புள்ளி வரும், புது மீன்தான் நோய் கொண்டுவந்தது என்று அதன் மேல் பழி போடுவோம். நோய் நம் தொட்டியிலேயே இருந்தது. நானும் அப்படிப் பழி போட்டவன்தான்.

சரி, பதிலில் சொல்லியிருந்த இரண்டு யோசனைகளுக்கு வருகிறேன். சூடு கூட்டுவது நன்னீர் மீன்களின் வெள்ளைப் புள்ளிக்குச் சொல்லும் வைத்தியம். அது வேறு ஒட்டுண்ணி, இக்தியோப்திரியஸ் என்று பெயர், அதற்கு உப்பும் சூடும் ஆகாது. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் வைத்தியத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கடல் மீன் தொட்டியில் சூடு கூட்டினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், செவுள் புண்ணாகி ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் மீனுக்கு அது கூடுதல் கேடு. பூண்டு மீனுக்குச் சாப்பிடும் ஆசையைத் தூண்டலாம், அதில் தப்பில்லை, ஆனால் தோலுக்கடியில் இருப்பதைக் கொல்லாது. சுத்தம் செய்யும் இறால் வாங்கி விடுங்கள், புள்ளியைப் பொறுக்கித் தின்றுவிடும் என்றும் சொல்வார்கள். தோலுக்கு மேலே ஊர்வதைப் பொறுக்கும், உள்ளே புதைந்திருப்பதை அது எப்படிப் பொறுக்கும்?

இதற்கு நிஜமாகவே வேலை செய்யும் வழிகள் மூன்று நாலு இருக்கின்றன, எதையும் பவளமும் பாறையும் இருக்கிற பெரிய தொட்டியில் செய்ய முடியாது. மீன்களை எல்லாம், புள்ளி இல்லாதவற்றையும் சேர்த்து, வெளியே எடுத்துத் தனித்தொட்டியில் விட வேண்டும். ஒரே ஒரு மீனை விட்டுவைத்தாலும் பட்ட பாடு வீண். எல்லோரும் தயங்கும் இடம் இதுதான் என்று எனக்குத் தெரியும், பாறைகளைக் கலைக்காமல் ஒரு மீனைப் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பிடித்தவருக்குத்தான் தெரியும். நான் பாதித் தண்ணீரை இறைத்து, பாறைகளை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றித்தான் கோமாளி மீன்களைப் பிடித்தேன். ஒரு முழு மதியம் போனது.

தனித்தொட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வெறும் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், காற்று பம்ப், ஏற்கெனவே பழகிய பாக்டீரியா இருக்கும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டு. மணல் கூடாது, பாறை கூடாது. நான் பாவம் பார்த்து, மீன் பழகிய பாறை ஒன்று இருக்கட்டுமே என்று ஒரு துண்டைப் போட்டு வைத்தேன். முதல் நாள் இரவு, தண்ணீரில் மருந்தாகக் கலந்திருந்த காப்பரின் அளவைச் சோதனைக் குழாயில் எடுத்து வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது சரியாக இருந்தது, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பாறை குடித்துவிட்டது. சுண்ணாம்புப் பாறையும் பவள மணலும் காப்பரை அப்படி உறிஞ்சிக்கொள்ளும். பெரிய தொட்டியில் காப்பர் ஊற்றக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம், இன்னொரு காரணம் அது இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

காப்பர்தான் இந்த நோய்க்குப் பழைய, நம்பகமான மருந்து. அதுவும் புள்ளியைக் கொல்வதில்லை, கூட்டையும் கொல்வதில்லை, கூட்டிலிருந்து வெளியே வந்து நீந்துகிற குஞ்சைத்தான் கொல்கிறது. அதனால் தண்ணீரில் அதன் அளவு ஒரு நாள்கூட இறங்காமல் 30 நாள் இருக்க வேண்டும். சாதாரண காப்பர் சல்பேட் வகைக்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், இதற்குக் கீழே போனால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், ரொம்ப மேலே போனால் மீன் பிழைக்காது. கீலேட் செய்த, அதாவது வேறு ஒரு பொருளோடு பிணைத்த காப்பர் என்று இன்னொரு வகை விற்கிறது, அதற்குக் கணக்கு வேறு, சிலவற்றில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் மேலே வரும். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் மருந்து பயன்படாமல் போகும், அல்லது மீன் செத்துவிடும். அதனால் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு எதுவோ அது, அந்த வகையைக் காட்டுகிற சோதனைக் கிட் எதுவோ அது. ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றினால் மீன் தாங்கும். அப்படியும் என் மீன்கள் முதல் இரண்டு நாள் தீனியைத் தொடவில்லை, மூன்றாம் நாள் வாயில் வாங்கித் துப்பியது, நாலாம் நாள் விழுங்கியது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தனித்தொட்டி சின்னது, மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷம் சீக்கிரம் ஏறும். ஏறினதும் கை தானாக அம்மோனியாவைக் கட்டும் திரவத்தைத் தேடும். காப்பர் இருக்கும் தண்ணீரில் அதை ஊற்றாதீர்கள், அந்தத் திரவங்கள் பலவும் காப்பரோடு சேர்ந்து அதை மீனுக்கு இன்னும் கொடிய விஷமாக மாற்றிவிடும். தண்ணீரை மாற்றுங்கள், மாற்றுகிற தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்துவிட்டு ஊற்றுங்கள்.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்குத் தொட்டி மாற்றும் முறை இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. கூடு உடையக் குறைந்தது மூன்று நாள் ஆகும் அல்லவா, அதற்குள் மீனை வேறு சுத்தமான, காய்ந்த தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும், இறங்கிய கூடுகள் பழைய தொட்டியிலேயே நின்றுவிடும். 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாலு தடவை மாற்றினால் 12 நாளில் மீன் சுத்தம். இரண்டு வாளியோ பிளாஸ்டிக் பெட்டியோ போதும், ஒன்றில் மீன் இருக்கும்போது மற்றது கழுவி நன்றாகக் காய வேண்டும். ஹீட்டர், குழாய், வலை எதையும் பழையதிலிருந்து புதியதற்கு ஈரத்தோடு கொண்டுபோகக் கூடாது. ஆனால் இது இந்த ஒரு ஒட்டுண்ணிக்கு மட்டும்தான் உறுதி.

உப்பைக் குறைக்கும் முறையும் உண்டு. வழக்கமாக 1.025 இருக்கும் தண்ணீரின் ஒப்படர்த்தியை இரண்டு நாளில் 1.009-க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் நாலு வாரம் அங்கேயே நிறுத்துவது. மீன் தாங்குகிறது, கூடு உடைந்துவிடுகிறது. உப்பின் அளவைத் துல்லியமாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி இல்லாமல் இதில் இறங்காதீர்கள், 1.012-ல் நின்றால் பலன் இல்லை. குறைந்த உப்பையும் தாங்கும் வகைகள் சில இடங்களில் தென்பட்டிருப்பதால் நான் இதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பதிலில் ஒரு வரிகூட இல்லாதது. வெள்ளையாக இருப்பதெல்லாம் இந்த நோய் இல்லை. உப்புக்கல் போலத் தனித்தனியாக, எண்ணுகிற மாதிரி இருந்தால் இது. சலித்த மாவைத் தூவினாற்போல, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் பொன்னிறமாக மினுங்கினால் அது வெல்வெட், அமிலூடினியம் என்ற வேறு ஒட்டுண்ணி. பல சமயம் தோலில் தெரிவதற்கு முன்பே செவுளை அடைத்துவிடும், மீன் வெளிச்சத்துக்குப் பயந்து ஒதுங்கும், செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும். அதற்கும் காப்பர் கேட்கும், ஆனால் உப்பைக் குறைப்பது கேட்காது, ஒரு வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார நேரமும் கிடையாது. கோமாளி மீனின் தோலிலிருந்து கொழகொழவென்று சளி உரிந்து தொங்கினால் ப்ரூக்லினெல்லாவாக இருக்கலாம், அதற்குக் காப்பர் கேட்காது, ஃபார்மலின்தான் மருந்து, அது மனிதருக்கும் ஆபத்தான திரவம் என்பதால் தெரிந்தவர் துணையோடு செய்ய வேண்டும். தட்டைப்புழுக்கள் வேறு. அதே சூடும் அதே பிஎச்சும் உள்ள நன்னீரில் காற்று விட்டபடி மீனை ஐந்து நிமிடம் வைத்தால், அதுவரை கண்ணாடி மாதிரித் தெரியாமல் இருந்த புழு வெள்ளையாகி, எள் மாதிரி உதிர்ந்து பாத்திரத்தின் அடியில் கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பே கூசியது. அதற்கு ப்ராசிக்வான்டல் என்ற புழு மருந்து, அது முட்டையைக் கொல்லாது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். நுண்ணோக்கி வைத்திருக்கும் மீன் மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்தால் அவரிடம் காட்டுவதே முதல் வேலை.

இப்போது அந்த 72-க்கு வருகிறேன். மீன்களை எடுத்துவிட்ட பெரிய தொட்டி மீனே இல்லாமல் 76 நாள் இருக்க வேண்டும், 72-ம், அதன் மேல் நாலு நாள் பாதுகாப்புக்கும். பவளம், இறால், நத்தை எல்லாம் அங்கேயே இருக்கலாம், இந்த ஒட்டுண்ணி அவற்றைத் தின்று பிழைக்காது. கூடுகள் ஒவ்வொன்றாக உடையும், குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும், கிடைக்காமல் சாகும். நடுவில் ஒரு மீனை விட்டால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். அதே போல, மீன் இருக்கும் இன்னொரு தொட்டியிலிருந்து வாங்கி வரும் நத்தையின் ஓட்டிலும், பவளத்தின் அடிக்கட்டையிலும் கூடு ஒட்டியிருக்கலாம். நாற்பதாம் நாளில் அழகாக ஒரு நத்தை கிடைத்தது என்று விட்டால், நாற்பது நாளும் போச்சு.

மீன் இல்லாத தொட்டியைத் தினமும் பார்ப்பது கஷ்டம்தான். அந்த நாட்களில் விளக்கு அணைந்த பிறகு பாறைக்குள்ளிருந்து என்னென்னவோ சின்ன உயிர்கள் வெளியே வந்து கண்ணாடியில் ஊரும், மீன் இருந்தவரை அவற்றை நான் பார்த்ததே இல்லை. 77-ம் நாள் கோமாளி ஜோடியைத் திரும்ப விட்டேன். அதன் பிறகு வாங்கிய எந்த மீனும் தனித்தொட்டியில் இருந்து தேறாமல் பெரிய தொட்டிக்குள் போனதில்லை, வெள்ளைப் புள்ளியும் திரும்ப வரவில்லை.

இந்த மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. நீல டேங்கைத் தொட்டியிலேயே முட்டையிலிருந்து வளர்த்தெடுக்க ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்து ஆட்களுக்கு முதன்முதலாக 2016-ல்தான் முடிந்தது. என் டேங் மீனும் ஏதோ ஒரு பவளப்பாறையிலிருந்து வந்ததுதான், என் வீட்டில் ஆறு வாரம் இருந்தது.

அந்த வாசகர் இதைப் படிக்கும்போது புள்ளி மறைந்து பத்து நாள் ஆகியிருக்கும். புள்ளி இல்லாத இந்த இடைவெளியில்தான் மீன் தெம்பாக இருக்கும், நன்றாகச் சாப்பிடும், பிடித்து மாற்றினாலும் தாங்கும். அடுத்த சுற்று வந்துவிட்டால் அதே வேலையை மூச்சுத் திணறும் மீனை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும். அதனால் தயவுசெய்து வரும் ஞாயிறு இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதம் முழுவதற்கும் இடம் இல்லையென்றால் இரண்டு வரி போதும்: மீன்களை எல்லாம் இன்றே தனித்தொட்டிக்கு மாற்றுங்கள், பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
கடல் மீன் வளர்க்கும் ஒரு வாசகர்